சுகம் விசாரித்த பிரீசர்

என் கிறுக்கல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் இந்த வாரமும் மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. ஒற்றெழுத்துகள் அதற்கும் முன்பே விட்டுவிட்டன.

விஷயம் இதுதான். என் மனைவிக்கு முதன்முதலாக ஒரு பெரிய ஓடர் கிடைத்தது - கலியாண வீட்டுக்கு மட்டன் ரோல்ஸ். செய்து செய்து பேஸ்மென்ற் பிரீசரை நிரப்பிவிட்டாள். அந்தப் பிரீசரோ நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். பகலில் இருவரும் வேலையில். என் வெயர்ஹவுஸில் போனை லொக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். அவள் வேலையிலும் அப்படித்தான்.

புதுப் பிரீசர் வாங்குவது மூளையுள்ளவன் செய்யும் வேலை. நான் வீடியோ பார்த்தேன்.

ஒரு சின்ன சர்க்கியூட் போர்ட், குளிர் அளக்கும் சென்சர், வைஃபை. குளிர் குறைந்தால் போர்ட் கிளவுட்டுக்குச் சொல்லும். கிளவுட் என் பெயரில் குடும்ப குரூப்புக்கு மெசேஜ் போடும். பக்கத்து ஊரான ஸ்ரௌவ்விலில் இருக்கும் மச்சான், எங்கள் வீட்டுப் பூட்டைத் திறக்கக் கொடுத்துவைத்த திறப்போடு ஓடிவருவான். நாலு பேர் நடுவில் வாய் திறக்காத எனக்காக ஒரு மெஷின் பேசப்போகிறது... பெருமை இருக்காதா?

"பிரீசர் நின்றுவிட்டது" என்று எழுதி மனைவியிடம் காட்டினேன்.

"இஞ்சேருங்கோ, உதென்ன மொட்டையா? பெரிய ஆக்கள் இருக்கிற குரூப். எடுத்த எடுப்பில கெட்ட செய்தி சொல்லுறதே? முதல்ல சுகம் விசாரியுங்கோ."

நியாயம்தானே? நாங்கள் வீடு பற்றி எரிந்தாலும் சுகம் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கேட்கும் சனம். மாற்றினேன்: "எல்லாருக்கும் வணக்கம். எப்படிச் சுகம்? பிள்ளைகள் நலமா? இங்கே பிரீசர் நின்றுவிட்டது."

வியாழக்கிழமை அது நின்றது. மெஷின் கடமை தவறவில்லை. வேலை முடிந்து போனை எடுத்தேன்.

மனைவியின் சித்தி, ஒஷாவாவில் இருக்கும் அன்ரி, பதில் போட்டிருந்தார்: "ஓம் தம்பி, நல்ல சுகம். முழங்கால்தான் ஏலாது." மெஷின் மறுபடி சுகம் கேட்டிருக்கிறது. அன்ரி மறுபடி முழங்காலை விளக்கியிருக்கிறார். மச்சான் ஒரு கும்பிடு போட்டிருந்தான்.

அவனுக்கு போன் அடித்தேன். "மெசேஜைப் பார்க்கேல்லையோடா?"

"முதல் வரி பார்த்தனான் அத்தான். நீங்கள் சுகம் கேட்டதே அதிசயம்! அதுக்குப் பின்னால பிரீசர் வருமெண்டு ஆர் கண்டது?"

ரோல்ஸ் அத்தனையும் குப்பைக்கு. குப்பைப் பையை மனைவியே முடிந்து என் கையில் தந்தாள். வெள்ளிக்கிழமை இருவரும் லீவு போட்டு, புது இறைச்சி வாங்கி, மறுபடி ரோல்ஸ் சுற்றினோம். கலியாண வீட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் கை வீங்கியது தவிர நட்டமில்லை என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

பிறகு மெஷினைத் திருத்தினேன். வணக்கமும் இல்லை, சுகமும் இல்லை. "பிரீசர் நின்றுவிட்டது. ஓடி வா." அவ்வளவுதான். பரீட்சைக்குப் பிரீசரின் பிளக்கைக் கழற்றினேன். மச்சான் வீட்டுச் செருப்போடு வந்து நின்றான். வெற்றி!

அடுத்த நிமிடம் அன்ரியின் மெசேஜ்: "என்ன தம்பி, ஒரு வணக்கம்கூட இல்லையோ? முழங்கால் ஏலாத என்னை ஓடி வா எண்டு கூப்பிடுறீரோ?"

குரூப்பை விட்டே போய்விட்டார்.

கிளவுட்டோடு இணைய எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. அன்ரியை நேரில் போய், வாய் திறந்து சமாதானப்படுத்த வேண்டுமாம், மனைவி சொல்கிறாள். அதற்கும் ஏதாவது சர்க்கியூட் போர்ட் இருக்கிறதா?

ஒருவழியாக எழுதி முடித்தது: மாசி கடைசி ஞாயிறு. அன்ரி வீட்டுக்கு இன்னும் போகவில்லை.