லிதுவேனியாப் பாட்டோடு குன்றாண்டார்கோவிலுக்கு

என் பேத்தி மீனா லிதுவேனியாவில் வேலை பார்க்கிறாள். ஆவணியில் புதுக்கோட்டையில் அவளுக்குக் கல்யாணம். மணமேடைக்கு வரும்போது அந்த ஊர்ப் பாட்டு ஒன்றைப் போட வேண்டும் என்பது அவள் ஆசை. என் வீட்டுக்காரரின் அக்கா அழகம்மை மதினியோ, அது ஒப்பாரி, அதைப் போட்டால் குலவை போட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் முதல் குலவை அவருடையது. அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை, சந்தடி இல்லாத இடத்தில் உட்காரவைத்துக் கேட்கவைக்கலாம் என்று, மதினியையும் பாட்டையும் கூட்டிக்கொண்டு குன்றாண்டார்கோவிலுக்குக் கிளம்பினேன்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. முதலில் கேட்டபோது செல்லில் இரண்டு பாட்டு சேர்ந்து ஓடுகிறது என்று அணைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பாடுவதே அப்படி. ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி தொடங்குகிறாள். இரண்டு குரலும் உரசிக்கொள்கின்றன. அடியில் கதிரடிக்கிற மிஷின் மாதிரித் தாளம், நடுவே பனங்காட்டுக் காற்று மாதிரி ஏதோ கம்ப்யூட்டர் சத்தம். உடம்பு சிலிர்த்துப்போகும். மூன்றாம் நாள் பாத்திரம் துலக்கும்போது நானே அதை முனகிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இந்தப் பாட்டு தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திருக்கோகர்ணத்தில் காலை 7.10-க்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் 7.40-க்குத் திருச்சி பஸ், கீரனூருக்கு ஆளுக்கு 25 ரூபாய். 8.30-க்கு இறங்கி இட்லி சாப்பிட்டோம். அங்கிருந்து பத்து கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோ, காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட 500 ரூபாய்.

ஆட்டோவில் பாட்டைப் போட்டதுதான் நான் செய்த தப்பு. டிரைவர் வேகத்தைக் குறைத்து, மெதுவாகக் கேட்டார்: "எந்த வீட்டுக்குங்க ஆத்தா? மாலை வாங்கணும்னா இங்கனயே நிறுத்துறேன்."

மதினி என்னைப் பார்த்தார். "கேட்டுக்க. ஆட்டோக்காரத் தம்பிக்கே தெரியுது."

கல்யாணப் பாட்டு என்று நான் சொன்னதும் டிரைவர் மறுபடி வேகம் எடுத்தார்.

பாறையைக் குடைந்த குகைக்குள் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். கல்குதிரைகள் இழுக்கிற மாதிரி ஒரு மண்டபம் இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லை. அதன் நிழலில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டினேன். கல் குரலைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தது. மதினி கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொரு தரம் வையி" என்றார். வைத்தேன்.

"முதக்காரிக்கு மூச்சு முடியிறதுக்குள்ள அடுத்தவ வாங்கிக்கிறா பாரு. ஒப்பாரியில யாரு வாங்குவா? அவ அழுகை அவளுக்கு. இது குலவைக்காரி பாட்டுத்தான், ஆத்தா."

நடவு வயலில் குலவை நடுவில் அறுந்தால் மதினி என்னைத் திட்டாத திட்டு கிடையாது. மூன்றாம் தடவை பாட்டு ஓடும்போது அவரே குலவையிட்டார். அவர் மூச்சு முடியுமுன் நான் வாங்கிக்கொண்டேன். ஆட்டோ டிரைவர் பதறி ஓடிவந்து, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கல்யாணம் என்றைக்கு என்று கேட்டார்.

"ஆவணியில. குடும்பத்தோட வந்துருங்க தம்பி. மாலை வேண்டாம்" என்றார் மதினி.

போகிறவர்களுக்கு: பதினோரு மணிக்குள் போய்விடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். தண்ணீர் கையோடு வேண்டும். குகைக்குள் செல்லில் பாட்டுப் போடாதீர்கள். லிதுவேனியாப் பாட்டு முதல் தடவை பிடிக்காது, மூன்று தடவையாவது கேளுங்கள். பாஷை தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், மூச்சு எங்கே கைமாறுகிறது என்று கவனித்தால் போதும்.

மதினி இப்போது மீனாவுக்கு ஒரே நிபந்தனை போட்டிருக்கிறார். அவர் குலவை முடிக்கும்வரை பாட்டை யாரும் நிறுத்தக் கூடாது.