பாண்டி அண்ணன் போனும் ஒரு வளைகாப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை விளாங்குடியில் ஒரு வளைகாப்பு. எங்கள் எதிர் வீட்டு மருமகள் கயலுக்கு. வாசலில் பந்தல், உள்ளே கலவை சாதங்கள், தெரு முழுக்க ஸ்பீக்கர். மதுரையில் ஒரு வீட்டு விசேஷம் அந்த வீட்டுக்கு மட்டும் கேட்டால் அது விசேஷமா என்ன?

ஸ்பீக்கர் கட்டியவர் காளவாசல் பாண்டி. 'ரேடியோ செட்' பாண்டி அண்ணன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். முன்பெல்லாம் பெட்டி நிறைய கேசட்டோடு வருவார். அப்புறம் சிடி, பென் டிரைவ்... இப்போது ஒரே ஒரு போன். பாட்டு ஆப்பைத் திறந்து 'வளைகாப்பு' என்று தேடினால் போதும், வரிசையாக வந்து விழுகிறது.

"வேலை ரொம்ப லேசாப் போச்சுக்கா. நம்ம போட வேண்டியதே இல்ல. அதுவே போட்டுக்கிருது" என்றார் என்னிடம்.

அதுவே போட்டுக்கொண்டதில்தான் வந்தது வினை.

கயலின் அம்மா போன வருடம் தவறிவிட்டார். வளைகாப்பு என்றால் பிறந்த வீடுதான் முன்னால் நிற்கும். முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவதும் அவர்கள்தான். திருமங்கலத்திலிருந்து சித்தி சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சீரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையிலிருந்து 'அம்மா' என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. "பிள்ளை அழுதுரும், ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று மாமியார் சரோஜா எங்களை முன்பே எச்சரித்திருந்தார். நாங்களும் திறக்கவில்லை. கயலும் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தாள்.

வளையல் அடுக்க ஆரம்பித்தோம். பாண்டி அண்ணன் பின்பக்கம் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அவர் போட்டிருந்த பாட்டு வரிசை முடிந்தது. முடிந்தால் சும்மா இருக்குமா இந்தக் காலத்து ஆப்? உங்கள் ரசனை தெரிந்து அதுவே அடுத்ததை எடுத்துவிடும். என் ஆப் என்னை மூன்று வயதுக் குழந்தை என்று நம்பிக்கொண்டிருக்கிறது... அக்கா பேத்திக்குச் சோறு ஊட்ட ஒரு வாரம் யானைப் பாட்டு போட்டதன் பலன்!

பாண்டி அண்ணனுக்கு அந்த வாரம் முழுக்கச் சாவு வீட்டு வேலை. எங்கள் ஊரில் அதற்கென்றே பாட்டுகள் உண்டு. தாயைப் பறிகொடுத்த பிள்ளை உருகி உருகிப் பாடும். ஆரம்ப மியூசிக்கைக் கேட்டாலே பந்தலும் சங்கும் கண்ணுக்குத் தெரியும். விடிய விடிய அதையே ஓட விட்டிருக்கிறார் மனிதர். ஆப் என்ன நினைக்கும்? 'அண்ணனுக்கு இந்தப் பாட்டென்றால் உயிர்' என்று முடிவு கட்டிவிட்டது.

போட்டது பாருங்கள்... முழு வால்யூமில்.

வளையலோடு நீண்ட கைகள் அப்படியே நின்றன. பாண்டி அண்ணன் சாம்பார் கையோடு ஓடி வந்தார். போனோ லாக் ஆகிக் கிடந்தது. ஈர விரலை அது ஏற்க மறுத்தது. ஸ்பீக்கரை அணைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குள் தெருவில் போன ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வாசலில் வந்து கேட்டார்:

"எப்பண்ணே எடுக்குறாக?"

சரோஜாவுக்கு வந்ததே கோபம். "ஏய்யா, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? வயித்துப் பிள்ளக்காரி உக்காந்திருக்கா... நல்ல காரியம் நடக்குற வீட்டுல என்ன பாட்டுய்யா போடுற?"

பாண்டி அண்ணன் ஒரு வழியாக அணைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். நாங்கள் எல்லாரும் கயலைப் பார்த்தோம். அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"அவரத் திட்டாதீங்க அத்தை" என்றாள். "காலையில இருந்து இம்புட்டு பேர் வந்தீங்க. எங்கம்மாவப் பத்தி ஒருத்தர் ஒரு வார்த்தை பேசல. நானே மறந்துட்டேன்னு நெனச்சீங்களா? அந்தப் பாட்டாவது பேசுச்சே..."

ஆப்புக்கு நாம் எதைக் கேட்டோம் என்று தெரியும். எங்கே, எதற்காகக் கேட்டோம் என்று தெரியாது. சரி, எல்லாம் தெரிந்த நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதையும் அன்பு என்றுதான் நினைத்தோம்.

சரோஜா தாம்பாளத்திலிருந்து ஒரு பச்சை வளையலைத் தனியாக எடுத்தார்.

"கைய நீட்டுத்தா. இது ஒங்கம்மா பேரச் சொல்லி."

அதன் பிறகுதான் அந்த வீட்டில் பேச்சே ஆரம்பித்தது. கயலின் அம்மா வைக்கும் குழம்பு, அவர் போடும் சண்டை, மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் மீசை பிடிக்காமல் முதலில் வேண்டாம் என்று சொன்னது... சித்தி ஒவ்வொன்றாக எடுத்துவிட, மீசைக்காரர் உட்பட அத்தனை பேரும் சிரித்தோம். கயலும்தான். இந்த முறை அது நிஜச் சிரிப்பு.

நேற்று பாண்டி அண்ணனைத் தல்லாகுளத்தில் பார்த்தேன். இரண்டு போனைக் காட்டினார். "நல்லதுக்கு ஒண்ணு, கெட்டதுக்கு ஒண்ணு. இனிமே தப்பு நடக்காதுக்கா."

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பாட்டு எந்தப் போனில் இருந்திருக்க வேண்டும் என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது.