முன்தண்டு ஜோடி

செஞ்சிக் கடலை மண்டியில் பால்சாமியின் தோளைத் தெரியாதவர்கள் இல்லை. நடுவில் காய்ப்புக் காய்த்து, மாட்டுத் திமில் மாதிரி மேடாக இருக்கும். மூட்டையை அதில் சாய்த்துவிட்டால் லாரியில் ஏறும்வரை அசையாது. அப்பேர்ப்பட்ட தோள் சொந்த ஊர் மாதா திருவிழாவில் மட்டும் சில வருஷமாகச் சும்மா நின்றது. அவருடைய ஜோடி சென்னைக்குப் போய் சுகாதார மந்திரியாகிவிட்டதுதான் காரணம்.

வல்லத்துக்குப் பக்கத்தில் கத்தோலிக்க வேதக்காரர்கள் நிறைந்த சின்ன ஊர் அது. அங்கே சப்பரம் தூக்க ஆட்களைப் பலம் பார்த்துப் பொறுக்க மாட்டார்கள். இளவட்டங்களைக் கோயில் சுவரோரம் நிறுத்தி, தோளுக்குத் தோள் உயரம் பார்ப்பார்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேர் ஒரு ஜோடி. உயரம் பிசகினால் மாதா ஒரு பக்கம் சாய்ந்துவிடுவாள். ஒருமுறை ஜோடி சேர்ந்தால் சாகும்வரை அதுதான். ஒருவன் வராவிட்டால் மற்றவனும் ஒதுங்கி நிற்க வேண்டும்; அவர்கள் இடத்தில் வேறு ஜோடி தூக்கும்.

பால்சாமிக்கு ஜோடியாக வந்தவர் ஆரோக்கியநாதன். இருவருக்கும் கிடைத்தது முன்தண்டு. முன்தண்டுக்கு ஓர் உரிமை உண்டு. நடக்க முடியாத நோயாளி இருக்கிற வீட்டு வாசலில் "நிறுத்து" என்று குரல் கொடுக்க அந்த ஜோடிக்கு மட்டுமே பாத்தியம். உடனே கவைக்கோல்களை ஊன்றிச் சப்பரத்தை இறக்கிவிடுவார்கள். நோயாளி கும்பிட்டு முடிக்கும்வரை பங்குச் சாமியாரே ஆனாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆரோக்கியநாதன் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். தினம் பூசை காணாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். மேடை ஏறினால் வேத வசனமும் திருக்குறளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரும். அறுபத்திரண்டு எலெக்சனில் ஜெயித்து மந்திரியும் ஆனார். சென்னைக்குப் புறப்பட்ட அன்று பால்சாமியிடம் சொன்னது இதுதான்.

"என் எடத்துல வேற யாரையும் நிறுத்திடாத பாலு. திருவிழாவுக்கு வந்துடுவேன்."

அந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷம் கார் மட்டும் மாலையோடு வந்தது. பால்சாமி ஒதுங்கி நின்று சப்பரம் போவதைப் பார்த்தார். தோள் தினவெடுத்தது. 'வந்துடுவான்' என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஜோடியைப் பற்றிய சேதியெல்லாம் பேப்பரில்தான். மண்டி வாசல் டீக்கடை ஜெயராமன் சத்தமாக வாசிப்பான். மூட்டை தூக்கும் கன்னியப்பன் பால்சாமியைச் சீண்டுவான். ஆஸ்பத்திரித் திறப்பு விழா ஒன்றில் மந்திரி முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டார் என்று சட்டசபையில் கூச்சல்.

"சர்க்கார் ஆஸ்பத்திரியா, சர்ச்சாய்யா?" என்றான் கன்னியப்பன்.

"ஊசி போடறப்போ நீ முருகான்னு கத்தலியா? அந்த மாதிரிதான்" என்றார் பால்சாமி. மண்டியே சிரித்தது.

சிரித்து மழுப்ப முடியாதது குடும்பக் கட்டுப்பாடு விவகாரம். வேதக்காரர்களுக்கு அது பாவம். ஊர் ஊராக முகாம் போட டில்லியிலிருந்து உத்தரவு வந்தது. மந்திரி ஃபைலில் கையெழுத்துப் போடாமல் மாசக்கணக்கில் வைத்திருந்தார். சாமியார் பேச்சைக் கேட்கிறவருக்குச் சுகாதார இலாகா எதற்கு என்று எதிர்க்கட்சி கேட்டது. கடைசியில் அறுபத்தைந்தில் கையெழுத்து விழுந்தது. மறு ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோயிலில் சாமியார் பேர் சொல்லாமல் பிரசங்கம் வைத்தார். "பதவிக்காக வேதத்தை விற்றவன்" என்றார். சனம் முழுக்கத் திரும்பிப் பால்சாமியைப் பார்த்தது.

"பேப்பர்காரன் பொய் எழுதறான். என் ஜோடியை எனக்குத் தெரியாதா?" என்றுதான் அவர் எல்லாரிடமும் சாதித்தார்.

அடுத்த கோடையில் மந்திரி செஞ்சிக்கு வந்து டிராவலர்ஸ் பங்களாவில் தங்கினார். பால்சாமி குளித்து, வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டு போனார். வெயிலில் ராஜகிரி மலை அடுப்புக்கல் மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. வராந்தாவில் ஆரோக்கியநாதன் தனியாக இருந்தார். உடம்பு பெருத்து, தோள் இரண்டும் இறங்கியிருந்தன.

"வாடா பாலு. சாப்டியா?"

"ஆச்சு. இந்த வருஷமாவது வர்றியா, அதைச் சொல்லு."

"நான் வந்து தண்டைத் தொட்டா மத்தவனெல்லாம் கீழ போட்டுட்டுப் போயிடுவான். மாதாவை நடுத்தெருவுல உட்டுடலாமா?"

"நீ கையெழுத்துப் போடலன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஊரு வாயை நான் அடக்கறேன்."

ஆரோக்கியநாதன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"போட்டேன் பாலு. முழங்கால்ல நின்னுட்டுத்தான் போட்டேன். ராயம்மாளை மாட்டு வண்டியில ஏத்திக்கினு செஞ்சிக்கு ஓடினோமே, மறந்துட்டியா? அதுக்கு முந்தின பேறு காலத்துலயே, இன்னொண்ணு இவ தாங்க மாட்டான்னு டாக்டரம்மா சொன்னாங்களே. பேனாவை எடுத்தா அவதாண்டா கண்ணுல நிக்கறா."

ராயம்மாள் பால்சாமியின் பெண்சாதி. ஏழாவது பிரசவத்தில், ஆஸ்பத்திரி வாசல் வந்து சேரும் முன்னே கண்ணை மூடியவள். அன்றைக்கு வண்டியின் பின்னால் அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது ஆரோக்கியநாதன்தான். பால்சாமி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பியூன் கொண்டுவைத்த காப்பி ஆடை கட்டிப்போனது.

திருவிழாவுக்குள் ஆரோக்கியநாதன் பதவியை விட்டுவிட்டார். விட்டாரா, விடச் சொன்னார்களா என்று டீக்கடையில் இரண்டு கட்சி. பால்சாமிக்கு அது முக்கியமாகப் படவில்லை. இனி வரலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

மாதா பிறந்தநாள் சாயங்காலம், சப்பரம் புறப்பட நின்றது. நாட்டாமை முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இன்னா பால்சாமி, எத்தினி வருஷம் எடத்தைப் புடிச்சினு நிப்பே? அருள்சாமியோட ஜோடி போன மாசம் செத்துட்டான். உயரம் ஒண்ணுதான். ரெண்டு பேரும் சேருங்க. இல்லாட்டி இன்னிக்குத் தூக்கற ஜோடிக்கே முன்தண்டு போயிடும்."

"அவன் வருவான் மாமா."

"வந்தா மட்டும் உடுவமா?"

பால்சாமி தெருக்கோடியைப் பார்த்தார். ஏரிக்கரைப் பனைமரத்தடியில் ஓர் ஆள் நின்றிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்திருக்க வேண்டும்; கையில் செருப்பு. கரையை விட்டு இறங்கவில்லை. இறங்கவும் மாட்டார் என்று பால்சாமிக்குத் தெரிந்தது. சப்பரம் அந்தக் கரை வழியாகத்தான் போகும். பால்சாமி ஒதுங்கி நின்றால் அது நிற்காமல் ஆரோக்கியநாதனைத் தாண்டிப் போய்விடும். நிறுத்த வேண்டுமானால் தண்டு தோளில் இருக்க வேண்டும். தண்டு தோளில் ஏற வேண்டுமானால் அவருக்காக இத்தனை காலம் காத்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்.

துண்டைச் சும்மாடாக மடித்தார்.

"வா அருள்சாமி."

தண்டு பழைய காய்ப்பில் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் வேற்று மூச்சு கேட்டது. கொட்டு முழங்க, மாதா தெருவைக் கடந்து கரையேறினாள். பனைமரம் வந்தது.

"நிறுத்து!"

கவைக்கோல்களை ஊன்றினார்கள். முன்னால் போன சாமியார் திரும்பிப் பார்த்தார். நாட்டாமை ஓடிவந்தார்.

"யோவ், இங்க வீடும் இல்ல, வாசலும் இல்ல. எவன் நோயாளி?"

"அதோ நிக்கறான் பாருங்க. நடந்து வர முடியாதவன்."

முறையை மீறச் சாமியாருக்கும் மனம் வரவில்லை. ஜெபமாலையை உருட்டியபடி நின்றார். ஆரோக்கியநாதன் அருகில் வந்தார். மாதா முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் தண்டில் நெற்றியை வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது, தன் இடத்தில் இருந்த அருள்சாமியின் தோளையும் பால்சாமியின் தோளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல உயரம்டா பாலு. மாதா சாயவே இல்ல."

தூக்கச் சொல்ல வேண்டியவரும் பால்சாமிதான். பின்னால் ஆட்கள் முணுமுணுக்கும்வரை அவர் சொல்லவில்லை. பிறகு சொன்னார். தண்டு எழும்பியது. ஆரோக்கியநாதனின் கை அதோடு கூடவே சற்றுத் தூரம் வந்தது. கரை திரும்புகிற இடத்தில் விடுபட்டது.