குறிக்கு மேலே ஒரு விரல்

மலையூரான அஸ்ரூவின் டாக்ஸி நிறுத்தத்தில் புவாசாவின் வண்டியை வரிசையில் தேட வேண்டியதில்லை. நீலப் புகை எங்கே கிளம்புகிறதோ அங்கே அவன் இருப்பான். பழைய ஜெர்மன் டீசல் கார் அது. கிலோமீட்டர் காட்டும் முள் என்றைக்கோ நின்றுவிட்டதால், எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது படைத்தவனுக்கே வெளிச்சம். கெனிஃப்ரா ஊருக்கு மலை ஏறி இறங்கியே எஞ்சின் தேய்ந்து, டீசலோடு ஆயிலையும் குடிக்கப் பழகிக்கொண்டது.

ஒரே வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள். காலையில் புவாசா, மதியத்துக்கு மேல் மோஹா. வண்டியை விட்டுப் போகிறவன் அளவுக்குச்சியில் உள்ள குறிவரை ஆயில் ஊற்றிவிட்டுப் போக வேண்டும். சாவி வாங்குகிறவன் ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, "அல்லாஹ் உனக்குத் தெம்பைத் தரட்டும்" என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். அந்த நிறுத்தத்தில் எல்லா ஜோடிக்கும் இதுதான் வழக்கம். அந்த வார்த்தையைச் சொல்லாமல் சாவி வாங்கினால் முகத்தில் துப்பியதாக அர்த்தம். மோஹாவின் கை தாராளக் கை. குறியோடு நிறுத்த மாட்டான், மேலே ஒரு விரல் தாண்டியே ஊற்றுவான். அதற்கும் புவாசா ஒருபாட்டம் திட்டுவான்.

ஆனால் பெரிய சண்டை எந்த ஆயில் என்பதில்தான். குடிக்கிற வண்டிக்கு இருபது-ஐம்பது நம்பர், கெட்டி ஆயில்தான் தாங்கும், லேசானதை ஊற்றினால் ஏற்றத்திலேயே புகையாகப் போய்விடும் என்பான் மோஹா. அவன் ஓட்டுவது வெயிலேறிய பிறகு, அவனுக்கென்ன? பனி விழுந்த விடியலில் அந்தக் கெட்டி ஆயிலோடு மல்லுக்கட்டுகிறவன் புவாசா. ஸ்டார்ட்டர் முனகும், எஞ்சின் அசையாது. லேசான ஆயில்தான் வேண்டும் என்பான் இவன். இரண்டு பேர் சொன்னதும் சரி, அதுதான் வில்லங்கமே.

ஒரு பனிக்காலக் காலையில் வண்டி கிளம்பவே மறுத்தது. ஏறி உட்கார்ந்த ஆறு பேரும் இறங்கி அடுத்த வண்டிக்குப் போனார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடையில் நின்றிருந்த மோஹாவைப் பார்த்து, அத்தனை பேர் முன்னிலையில் புவாசா வாயை விட்டான்.

"உன் மண்டை மாதிரியே கெட்டிடா உன் ஆயிலும். நீ செத்தாத்தான் இந்த வண்டி உருப்படும்."

மோஹா டம்ளரை வைத்துவிட்டு நடந்தான். அன்றிலிருந்து சாவி டீக்கடைக்காரர் வழியாகக் கைமாறியது. ஒரு வார்த்தை கிடையாது. வாரம் முடிவதற்குள் ஒருநாள் சாவியோடு மோஹாவின் மனைவி இத்தோவின் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். மோஹா ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டானாம். சொன்ன வாய் புவாசாவின் வாய். அது அவன் முகத்தில்தான் இருந்தது, அதை எங்கே கொண்டுபோய் மறைப்பான்?

மதிய ஓட்டத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. நாள் முழுக்க இவனே ஓட்டினான். பிராயச்சித்தம் மாதிரி, வாழ்நாளில் முதல் தடவையாக, இருபது-ஐம்பதை இவனே வாங்கிப் பழைய ஆயிலை இறக்கிவிட்டு நிரப்பினான். குறைந்தால் ஊற்ற இன்னொரு டின் வாங்கி டிக்கியில் போட்டான். அன்று முழுக்க ஓடி, மாலையில் ஆயில் ஊற்றக்கூட மனசில்லாமல் வண்டியை நிறுத்திவிட்டுப் போனான். காலையில் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

காலையில் குச்சியை உருவினால் ஆயில் சரியாகக் குறியில் நின்றது. டிக்கியில் டின் மூடி திறக்காமல் இருந்தது.

முதல் நாள், தான்தான் தப்பாகப் பார்த்தோம் என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே. புகை என்னவோ குறையவில்லை, முன்னைவிட அடர்த்தியாகவே வந்தது. அவ்வளவு புகைந்தும் ஆயில் இறங்கவில்லை. கெட்டி ஆயில்தான், ஆனாலும் உறைபனியில் ஒரே சுற்றில் கிளம்பியது. கேட்டுக்கேட்டுச் சலித்த இரண்டு பேர் ஆசையும் ஒன்றாக நிறைவேறினால் உடம்பு சில்லிடாதா? வண்டி உருப்பட்டுவிட்டது. இவன் சொன்ன மாதிரியே.

பிறகு ஒரு காலை, ஆயில் குறிக்கு மேலே ஒரு விரல் ஏறி நின்றது. உலகத்தில் அப்படி ஊற்றுகிற கை ஒன்றுதான்.

அன்றிலிருந்து பயமும் ஆசையுமாக வண்டி ஓட்டினான். ஏற்றத்தில் ஒருநாள், ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் தானாக உறுமிச் சில நொடி பாய்ந்தது. பயணிகள் கத்தினார்கள். இவனுக்கோ கண் கலங்கியது. ஏற்றத்தில் மிதியை அழுத்திப் பிடிப்பது மோஹாவின் பழக்கம். பின்பார்க்கும் கண்ணாடியில் நீலப் புகைக்குள் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். கோபத்தில் வருகிறானா, மன்னித்து வருகிறானா? அது மட்டும் தெரிந்தால் போதும் என்று தவித்தான்.

மனசு கேட்காமல் ஒரு வெள்ளிக்கிழமை, குச்சி துடைத்த துணியைக் கையோடு எடுத்துக்கொண்டு இத்தோவைப் பார்க்கப் போனான். துக்கத்தின் வெள்ளை உடையில் இருந்தாள். டீயும் ரொட்டியும் வைத்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் துணியை நீட்டினான்.

"அண்ணி, அவன் வர்றான். தினமும் ஊத்திட்டுப் போறான்."

அவள் துணியை வாங்கி முகத்தில் புதைத்துக்கொண்டாள். மோஹாவின் சட்டைகளை இத்தனை வருஷம் துவைத்தவள். மூச்சை ஆழ இழுத்தாள். அப்புறம் மெல்லத் துணியை இறக்கினாள். அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அதற்குள் அணைந்துவிட்டது.

"இது ஆயில் வாசம் இல்ல தம்பி. டீசல். கையில எடுத்துப் பாரு, தண்ணியா ஓடுது."

விரலில் தேய்த்துப் பார்த்தான். கெட்டி ஆயிலின் பிசுக்கு எங்கேயும் இல்லை. டீசல் பம்பு உள்ளுக்குள் தேய்ந்து, டீசல் ஆயிலோடு கலக்கிறது. அதனால்தான் ஆயில் மட்டம் ஏறுகிறது, அதனால்தான் பனியில் கிளம்புகிறது, அதைக் குடித்துத்தான் எஞ்சின் தானாகப் பாய்கிறது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் சாவியைப் பிடுங்கினாலும் நிற்காமல் ஆறு உயிரோடு பள்ளத்தில் போயிருக்கும். வண்டி பழகிய எவனுக்கும் தெரிந்த விஷயம், இவனுக்கும் தெரியும். தெரியாமல் இருக்கவே ஆசைப்பட்டிருக்கிறான்.

"அவர் வர்றதுன்னா எங்கிட்ட வரமாட்டாரா?" என்றாள் இத்தோ. "உன் வண்டிக்கா வருவாரு?"

அவள் எழுந்து உள்ளே போய் ஒரு டின்னைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். இறந்துபோன ராத்திரிக்கு முந்தின சாயங்காலம் அவர் வாங்கிவந்தது, காலையில் சாவியோடு உன்னிடம் கொடுக்கவேண்டும் என்று கதவோரமே வைத்திருந்தார், துக்கத்தில் எனக்கு மறந்துபோச்சு என்றாள்.

லேசான ஆயில். புவாசா கேட்டுச் சண்டை போட்ட அதே நம்பர்.

"என்ன சொன்னான் அண்ணி?"

"என்னத்தச் சொன்னாரு. அந்தக் கழுதைக்குக் காலைல குளிருது, அவன் கேக்கறதையே ஊத்தித் தொலைக்கிறேன்னாரு."

அந்த வீட்டில் அதற்கு மேல் அவனால் உட்கார முடியவில்லை.

மெக்கானிக் பம்பை இறக்கிச் சரிசெய்து, டீசல் கலந்த ஆயிலை வடித்துவிட்டு, இந்த வயசான எஞ்சினுக்குக் கெட்டிதான் நல்லது, லேசானதை ஊற்றினால் குடித்தே தீர்த்துவிடும் என்றார். புவாசா டின்னை நீட்டினான். குடித்தால் குடிக்கட்டும், இதையே ஊற்று என்றான்.

அன்று முழுக்க ஓட்டினான். ஏற்றத்தில் கண்ணாடியைப் பார்த்தான். மோஹா வாங்கிவைத்த ஆயில் நீலமாகச் சாலையில் கரைந்துகொண்டிருந்தது. அதற்குள் யாரும் நிற்கவில்லை. மிதியிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் அடங்கியது.

மறுநாள் விடியலில் குச்சியை உருவினான். ஆயில் குறிக்கு வெகு கீழே இறங்கியிருந்தது. யாரும் ஊற்றியிருக்கவில்லை. மோஹாவின் இறுதித் தொழுகையான ஜனாஸாவிலும் அழாத மனிதன், அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு, பயணிகள் பார்க்கப் பார்க்க ஏங்கியேங்கி அழுதான். டின்னில் மிச்சமிருந்ததைச் சாய்த்து, குறியில் நிறுத்தாமல், மேலே ஒரு விரல் தாண்டும்வரை ஊற்றினான். சாவியைக் கையில் எடுத்தான்.

"அல்லாஹ் உனக்குத் தெம்பைத் தரட்டும் மோஹா," என்றான்.

பதில் வருமா என்று கொஞ்சநேரம் நின்றான். பின்சீட்டிலிருந்து யாரோ நேரமாகிறது என்றார்கள்.