ரசம் மணத்த பன்னீர்

நானும் என் கணவரும் ஜின் தயாரித்து விற்பது என்று முடிவு செய்தபோது, சின்ன காஞ்சிபுரத்தில் கோவில் மதிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். வெங்காயம் வதக்கினாலே நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும் தெரு அது. அங்கே உட்கார்ந்துகொண்டு மதுத் தொழிலைப் பற்றி யோசிக்கவே ஒரு துணிச்சல் வேண்டும். எங்களுக்கு வேலை போயிருந்ததால் அந்தத் துணிச்சல் தானாகவே வந்திருந்தது.

ஒரகடம் பக்கத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் நான் கெமிஸ்ட். அவர் அதே கம்பெனியில் கணக்குப் பிரிவு. ஆட்களைக் குறைத்தபோது இருவரையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள். கையில் வந்த பணத்துக்கு ஒரு சுமாரான மளிகைக்கடை வைக்கலாம். மது காய்ச்சி வடிக்கும் வடிசாலை கட்ட வேண்டுமென்றால் அதன் கேட்டுக்குக்கூடக் காணாது. ஆனால் கோவாவில் ஒரு வழி இருந்தது. அங்கே உரிமம் உள்ள சின்ன வடிசாலைகளில் கட்டணம் கட்டி நம் சரக்கை வடித்துக்கொள்ளலாம். அனுமதி வாங்கி நம் லேபிளை ஒட்டி விற்கலாம். கட்டடமும் இயந்திரமும் அவர்களுடையது, செய்முறை மட்டும் நம்முடையது.

செய்முறைக்கு நான் வேறெங்கும் போகவில்லை. கோவில் இட்லியில் போடும் மிளகு, சீரகம், சுக்கு. அவற்றோடு ஜின்னுக்கு அவசியமான ஜூனிபர் என்ற காய். எதை எவ்வளவு சேர்ப்பது என்று பார்க்க, ஒரு செம்புப் பானையும் வளைந்த குழாயும் செய்து வாங்கி மொட்டை மாடி ஷெட்டில் வைத்தேன். அதில் ஒரு சொட்டு மதுகூடக் கிடையாது. வெறும் தண்ணீரில் மசாலாவைப் போட்டுக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து, சொட்டும் நீரை மோந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

ஆனால் மாடியில் அடுப்பு எரிந்தால் கீழே கேள்வி வரும். என் மாமனார் காஞ்சிபுரம் பட்டுக்கடை ஒன்றில் ஆயுசு முழுக்கப் புடவை விரித்துக் காட்டி ஓய்வு பெற்றவர். பீடி, சிகரெட், வெற்றிலை எதையும் தொடாதவர்.

"மேல என்னடா காச்சிக்கினு இருக்கீங்க?" என்று ஒருநாள் மகனைக் கேட்டார்.

"பன்னீர்பா," என்றார் என் கணவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் விற்பனைக்காரர் சும்மா இருப்பாரா? மறுநாளே பால் பூத்திலிருந்து கோவில் வாசல் வரைக்கும், "என் மருமக சுத்தமான பன்னீர் எடுக்குது" என்று பரப்பிவிட்டார். அந்த வாரமே எதிர்வீட்டு அக்கா படியேறி வந்தார்.

"கடையில விக்கறதெல்லாம் வெறும் எசன்ஸும்மா. எம் பொண்ணு ரிசப்ஷனுக்கு நீதான் பன்னீர் தரணும்."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம்கூடத் தோன்றவில்லை. பூக்கடையில் கூடை கூடையாக ரோஜா வாங்கினேன். பானையைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். குழாயின் உள்ளே மட்டும் கை போகவில்லை. வெந்நீர் ஊற்றி அலசினேன். போதும் என்று நினைத்தேன்.

ரிசப்ஷன் அன்று மண்டப வாசலில் இரண்டு பெண்கள் பன்னீர்ச் செம்போடு நின்று வருகிறவர்கள் மேல் தெளித்தார்கள். முதலில் ரோஜா மணந்தது. மின்விசிறிக் காற்றில் அது போனதும் அடியிலிருந்து சுக்கும் மிளகும் எழுந்து வந்தன. அரங்கம் முழுக்க மிளகு ரசம் கொதிப்பது போல ஒரு மணம்.

முன்வரிசையில் இருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சினார். "பந்தி போட்டாங்க போலக்குது," என்று எழுந்தார். பின்னாலேயே நாலு பேர். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தார்கள். தங்களைக் கூப்பிடாமலேயே பெண் வீட்டார் சாப்பிட உட்காருகிறார்கள் என்று முறைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரும் விரைந்தார்கள்.

"இன்னும் சாம்பாரே கொதிக்கலீங்க! போய் உக்காருங்கய்யா!" என்று சமையல்காரர் கரண்டியோடு கத்துவது மேடை வரைக்கும் கேட்டது. மணமக்கள் காலி நாற்காலிகளைப் பார்த்துப் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். சிரித்தால் மாட்டிக்கொள்வேன் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். என் மாமனார் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மோந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மோந்தார்.

மறுநாள் காலை மாடிக்கு வந்து ஷெட்டில் உட்கார்ந்தார்.

"கடையில எத்தினி மூஞ்சி பாத்தவன் நான். வாங்க வந்த மூஞ்சி எது, சும்மா ஏசிக்கு வந்த மூஞ்சி எதுன்னு எனக்குத் தெரியும். உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் பன்னீர் மூஞ்சி இல்ல. என்னம்மா சமாச்சாரம்?"

என் கணவர் பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "இங்க காச்சறது வெறும் தண்ணி மாமா. கோவாவுல காச்சப் போறது சாராயம்."

"கள்ளச் சாராயமா?"

"இல்ல மாமா. கவர்மெண்ட் லைசென்ஸ் வாங்கி, வரி கட்டி விக்கறது."

"வரி கட்டிட்டா நாத்தம் பூடுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அதற்கப்புறம் என்னிடம் நேராகப் பேசவில்லை. "உன் பொண்டாட்டிய காபி குடுக்கச் சொல்லு" என்று என் முன்னாலேயே மகனிடம் சொல்வார். நானும், "ஆறிடும், குடிக்கச் சொல்லுங்க" என்பேன். நடுவில் என் கணவர் தந்திக் கம்பி.

எங்கள் லேபிளின் மாதிரி அச்சாகி வந்த அன்றுதான் அது முடிந்தது. மேசை மேல் கிடந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளையில் சாம்பல் நிற எழுத்து. படித்தவர்களுக்குப் பிடிக்கும் என்று நாங்கள் தேர்ந்தெடுத்தது.

"யாரும்மா இந்த கலர் போட்டது? துக்க வீட்டுக்குக் கட்டிக்கினு போற புடவ மாதிரி இருக்குது. மாம்பழ மஞ்சள் போட்டு அரக்குல பார்டர் குடு. பாக்கறவங்க கை தானா நீளும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு எங்கியும் சொல்லாத," என்றார்.

மாற்றினோம். அனுமதிகள் வருவதற்குள் என் வளையல்கள் அடகுக்குப் போயின. என் கணவர் வாலாஜாபாத் அரிசி ஆலை ஒன்றில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதினார். ஒருவழியாக முதல் சரக்கு கோவாவில் வடிந்து பாட்டிலில் ஏறியது. பார்க்கக் கிளம்பினோம். "அங்க பழைய கோவிலுங்க நிறைய இருக்குதாமே," என்று மாமனாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

கடற்கரைச் சாலையில் எங்கள் ஜின் வைத்திருந்த மதுக்கடைக்கு நானும் கணவரும் போனோம். கூட வந்த மாமனார் வாசலிலேயே நிற்பதாகச் சொன்னார். உள்ளே ஒரு பெண், ஹைதராபாத்திலிருந்து வந்தவர், கையில் எங்கள் பாட்டிலையும் இன்னொன்றையும் வைத்துக்கொண்டு தயங்கிக்கொண்டிருந்தார். மாமனாரால் அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்க முடியவில்லை. நேராக உள்ளே வந்தவர், பட்டுக்கடையில் பழகிய தெலுங்கில் ஆரம்பித்துவிட்டார். காஞ்சிபுரம், கல்யாணப் பட்டு, கோவில் பிரசாதம், மிளகு, சுக்கு என்று அடுக்கினார். பாட்டிலை வாங்கி, லேபிளைப் புடவை முந்தானை போல விரல்களால் நீவிக் காட்டினார்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டார், "நீங்க இத குடிச்சிருக்கீங்களா?"

"ஏம்மா, காலமெல்லாம் பட்டுப் புடவ வித்தேன். ஒருநாளாவது கட்டிக்கினேனா?"

அந்தப் பெண் இரண்டு பாட்டில் வாங்கினார். எங்கள் கண்ணெதிரில் விற்ற முதல் பாட்டில்கள். அவை காரில் ஏறும் வரைக்கும் நானும் கணவரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே மாமனார், ஒரு வார்த்தையும் புரியாத கடைக்காரரிடம், எங்கள் பாட்டில்களைக் கீழ்த்தட்டிலிருந்து கண் மட்டத்துத் தட்டுக்கு ஏற்றச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரரும் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார்.