ஒரு நாளைக்கு ஒரே பாட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வீடு என்று சொன்னாலும் முன்கட்டு முழுக்கத் தறிதான். ஒன்றில் மாமனார், ஒன்றில் என் வீட்டுக்காரர், மூன்றாவதில் என் கொழுந்தன். படுக்க, சமைக்க, சண்டை போட எங்களுக்கு மிச்சமிருந்தது பின்கட்டு மட்டும்.

நான் கொஞ்சம் படபடப்பான ஆள். உட்கார்ந்து சாப்பிட்டால் நேரம் போகுமே என்று நின்றுகொண்டே சாப்பிடுகிற ரகம். கோயிலில் சாமி கும்பிடும்போதுகூட என் கால் வாசலைப் பார்த்துத்தான் நிற்கும் என்று மாமியார் கேலி செய்வார். அப்படிப்பட்டவளை மூன்று வாரத்துக்கு மேல் தலையைக்கூடத் திருப்பாமல் படுக்க வைத்துவிட்டது ஒரு நாடா.

நாடா என்றால் தறியில் ஊடு நூலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோவது. கொழுந்தனுடையது கயிற்றை இழுத்தால் நாடா தானாகப் பாயும் தறி. நூல் சுற்றிய தார்களைக் கொடுக்க நான் பக்கத்தில் போன நேரம் பார்த்து, இரும்பு முனை போட்ட அந்த நாடா பாதை தவறி எகிறி வந்து என் வலது கண்ணில் அடித்தது. சின்ன வயதில் அம்மை வார்த்ததில் என் இடது கண் பேருக்குத்தான் கண். வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் என் பிழைப்பே ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். அசையாமல் படுத்தால் அது தானாக வடிந்துவிடும். குனிந்தாலோ, அழுதாலோ, பலமாக இருமினாலோ மறுபடி கசியும். ஒரு கண் அசைந்தால் இன்னொன்றும் கூடவே அசையுமாம், அதனால் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் நிரப்பிய துணிப்பைகளை வைத்து, பின்கட்டில் மதில் ஓரமாக என்னைப் படுக்க வைத்தார்கள்.

மூன்றாம் நாளே கெடுத்துக்கொண்டேன். அடுப்பில் பால் பொங்கி வழியும் வாசனை வந்தது. எத்தனையோ வருடப் பழக்கம், சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்குள் சுருக்கென்றது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, மறுபடி கசிந்திருக்கிறது, இன்னொரு தடவை இப்படி ஆனால் பார்வைக்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று எனக்கு வந்த பயம் சாதாரண பயம் இல்லை. எங்கள் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரைக்கு நாடா தள்ள நெய்கிறவருக்குத் துணையாக இன்னொரு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அந்த ஆள் நான்தான். கண் போனால் அந்த வீட்டில் நான் யார் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு கிடந்தேன். அழவும் கூடாது.

அடுத்த வீட்டில் அந்தத் தை மாதம்தான் ஒரு குடும்பம் குடிவந்திருந்தது. தெலுங்கு பேசுகிறவர்கள். வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தார். அந்த அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். மூச்சிழுப்புக்காரி, அதிகம் வெளியே வரமாட்டார். கிணற்றடியில் பார்த்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொள்வதோடு சரி. டாக்டர் திட்டிவிட்டுப் போன அன்று சாயங்காலம் அவராகவே என்னைப் பார்க்க வந்தார். வழக்கமாக வருகிறவர்களைப் போல ‘ஐயோ பாவம்’ எதுவும் சொல்லவில்லை.

“நாளைக்குக் காலையில எங்க ரேடியோவ மதில் மேல வைக்கறேன்மா. ஒரே ஒரு பாட்டு. அது முடியற வரைக்கும் தலைய ஆட்டாம இரு. அப்புறம் உன் இஷ்டம்” என்றார்.

நான் சினிமாப் பாட்டு வரும் என்று ஆசையாகக் காத்திருந்தேன். மறுநாள் காலை மதில் மேலிருந்து ஒரு ஆள் ‘ஆ’ என்று ஆரம்பித்தார். பிறகும் ‘ஆ’தான். பல்வலிக்காரர் யாரையோ பிடித்துவந்து உட்கார வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து மிருதங்கம் சேர்ந்தது, நாலு வரி வந்தது, முடிந்துவிட்டது. ரேடியோவும் நின்றுவிட்டது.

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு ஒன்று தீர்ந்தால், புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழைகளோடு பிணைக்க வேண்டும். நாள் கணக்கில் இழுக்கிற வேலை. அது முடிகிறவரை ஒரு விரல்கடை துணிகூட வராது. அந்தப் பாடகரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், நெசவு அப்புறம் வரும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

“ஏங்க்கா, பாவு பிணைக்கவே இம்மா நேரம் ஆச்சே, புடவை ஒரு சாண்கூட வரலியே?” என்று மதிலைப் பார்த்துக் கேட்டேன்.

அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பில் இழுப்பே வந்துவிட்டது. மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும், அந்த ‘ஆ’வும் நெசவுதான், நாளைக்குக் கேட்டுப் பார் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வீணை. அதற்கடுத்த நாள் புல்லாங்குழல். ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதில் அவர் கறார். அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தாலும் திருகி நிறுத்திவிடுவார். இன்னும் ஒன்று வையுங்களேன் என்று நானே கெஞ்சும் நாளும் வந்தது. ரெண்டாவதைக் கேட்டால் முதலாவது ஓடிப்போய்விடும், இதையே வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஓட்டு என்பார். வேறு வழியில்லாமல் ஓட்டினேன். காலையில் கேட்டதை மனசுக்குள் மறுபடி மறுபடி நெய்து பார்ப்பேன். எங்கே திரும்பினார், எங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார் என்று தேடிக்கொண்டிருந்தால் கழுத்து வலிகூட மறந்துபோகும். ஒரு நாள் நாதஸ்வரம் வந்தபோது வெட்கமாக இருந்தது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த வாத்தியம்! சாமி தெருமுனைக்கு வந்துவிட்டது, கற்பூரத் தட்டை எடு என்பதைத் தவிர அதில் வேறொன்றும் எனக்குக் கேட்டதே இல்லை.

இதற்கிடையில் கொழுந்தன் என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தான். அவன் நாடாதானே அடித்தது. பின்கட்டு வாசல்வரை அவன் காலடி வரும், அங்கேயே நின்று திரும்பிப் போய்விடும். நானாகக் கூப்பிட்டாலும் பதில் வராது.

டாக்டர் கட்டை அவிழ்ப்பதற்கு இன்னும் ஒரு வாரம் போல இருந்தபோது ரேடியோ செத்துப்போனது. வால்வு போய்விட்டது, மெட்ராசிலிருந்து வர வேண்டும் என்றார் கடைக்காரர். முதல் நாள் மனசில் இருந்த பழைய பாட்டுகளை வைத்துச் சமாளித்தேன். இரண்டாம் நாள் முடியவில்லை. காலையிலேயே வெயில் அனலாக இறங்கியது. கட்டுக்குள் வியர்வை ஊறி ஊறிக் கண்ணைச் சுற்றி ஒரே அரிப்பு. முன்கட்டில் மூன்று தறி, எதிர்வீட்டில் இரண்டு, தெரு முழுக்க எத்தனையோ, எல்லாம் என் மண்டைக்குள் அடிப்பது போல இருந்தது. எனக்கு வெறி பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கண் போனால் போகட்டும் என்று கையை மேலே கொண்டுபோய்க் கட்டின் முடிச்சைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தேன்.

“அண்ணி, அவுக்காதீங்கண்ணி. உங்க கால்ல விழறேன், அவுக்காதீங்க.”

கொழுந்தன்தான். தண்ணீர் குடிக்க வந்திருக்கிறான். அடிபட்ட நாளுக்குப் பிறகு அவன் குரலை அன்றுதான் கேட்டேன். அதில் இருந்த நடுக்கத்தில் என் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் மதிலருகில் ஓடி, ‘அக்கா, அக்கா’ என்று கத்தினான்.

கொஞ்ச நேரத்தில் என் தலைமாட்டில் அந்த அம்மாவின் மூச்சு கேட்டது. ஓடி வந்திருப்பார் போல, நெஞ்சு கீச்கீச்சென்றது. என் கையைப் பிடித்துக் கீழே வைத்தார்.

“நானே பாடறேன்மா. கல்யாணத்துக்கு முன்னாடி கத்துக்கினது. நடுவுல மூச்சு நின்னுடும். சிரிக்கக் கூடாது.”

ஆரம்பித்தார். ஆனால் கேட்கவில்லை. ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டலாம், இழுப்புக்காரியின் தொண்டையை எதைத் திருகிக் கூட்டுவது? தறிச் சத்தத்தில் அந்தக் குரல் முங்கிப்போனது. அவர் நிறுத்திவிட்டார்.

அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் பார்த்தேன். கொழுந்தன் முன்கட்டுக்குப் போய், கொஞ்சம் தறியை நிறுத்துங்கள் என்று அப்பாவிடமும் அண்ணனிடமும் கேட்டான். மாமியார் பதறிப்போனார். அவர் பதறியதில் தப்பில்லை. எங்கள் தெருவில் வேலை நேரத்தில் தறிகள் மொத்தமாக நிற்பது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். தெருவில் யாராவது செத்துப்போனால், பிணம் எடுக்கும்வரை யாரும் நெய்யமாட்டார்கள். உயிரோடு ஒருத்தி படுத்திருக்கும்போது தறியை நிறுத்துவது அபசகுனம் இல்லையா என்று கேட்டார். அதுவும் முகூர்த்தப் புடவைகள் முடிய வேண்டிய அவசர நேரம். கொழுந்தன் நேராகத் தெருவில் இறங்கினான்.

“ஒரு பாட்டு நேரம் தறிய நிறுத்துங்கப்பா. எங்கண்ணி கண்ணுக்காக கேக்கறேன்.”

முதலில் மாமனாரின் தறி நின்றது. பிறகு என் வீட்டுக்காரருடையது. எதிர்வீடு, பக்கத்து வீடு, அதற்கப்பால் என்று ஒவ்வொரு சத்தமாக உதிர்ந்துகொண்டே போனது. கடைசியில் தெருக்கோடியில் ஒரு தறி மட்டும் இரண்டு தடவை அடித்துவிட்டு நின்றது. கிணற்று ராட்டினத்தின் கிறீச்சொலியும் ஒரு காக்கையும்தான் மிச்சம். அடுத்த தெருவிலிருந்து யாரோ ஓடிவந்து ‘யாரு போயிட்டாங்க?’ என்று கேட்டதும், யாரோ அவரை ‘உஸ்’ என்று அடக்கியதும்கூட எனக்குக் கேட்டது.

அந்த அம்மா பாடினார். குரல் சின்னது, கொஞ்சம் கரகரப்பு. ஏறிப்போகிற இடத்தில் மூச்சு நின்றுவிடும். நெஞ்சு கீச்சிடும். இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டு, விட்ட இடத்தைக் கொஞ்சமும் தவறவிடாமல் பிடித்து மேலே போவார். அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் சேர்ப்பது எங்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரியும். ரேடியோவில் கேட்டதெல்லாம் எங்கிருந்தோ தானாக வந்த மாதிரி இருந்தது. இங்கே என் தலைமாட்டில் ஒரு உயிர், தன்னிடம் இருந்த கொஞ்சம் மூச்சை எடுத்து எனக்காகச் செலவழித்தது. நான் அழவில்லை. அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, தலை அசையாமல், கடைசி வரை கேட்டேன்.

வால்வு வரும்வரை தினமும் காலையில் வந்து ஒரு பாட்டு பாடினார். அந்த நேரத்துக்குத் தறிகளை நிறுத்தச் சொல்லிப் பிறகு யாரும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. கொழுந்தனும் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்வான், பாட்டு முடிந்ததும் ‘தண்ணி வேணுமா அண்ணி?’ என்று கேட்பான்.

கட்டை அவிழ்த்த அன்று முதலில் ஒரே மங்கல். உயிர் போய் உயிர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக டாக்டரின் சட்டைப் பொத்தான், அப்புறம் சுவரில் ஆணி, அப்புறம் என் வீட்டுக்காரரின் முகம் தெரிந்தது. அன்று வாய்விட்டு அழுதேன், டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராக அடுத்த வீட்டுக்குத்தான் போனேன். வாசலில் அந்த ஒல்லி உருவம் நின்றது. எதிரில் உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே ஒரு பாட்டு கேட்க வேண்டும் என்றேன். கண் வந்துவிட்டதே, இனி ரேடியோ போதும் என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அடுத்த வருடமே அவர்களுக்கு மாற்றல் வந்து, வடக்கே எங்கேயோ போய்விட்டார்கள். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனையோ வருடம் கரைக்கு நாடா தள்ளினேன். காலையில் ஒரே ஒரு பாட்டு கேட்கும் பழக்கம் என்னை விடவில்லை. ராகத்தின் பெயர் கேட்டால் இன்றும் பாதிக்கு முழிப்பேன். ஆனால் பாடுகிறவர் நடுவில் மூச்சு வாங்கும்போது மட்டும் என் கை தானாகக் குவிந்துவிடும். செத்தவர்களுக்காக மட்டும் தறியை நிறுத்துகிற ஒரு தெரு, உயிரோடு கிடந்த எனக்காக நிறுத்திக் காத்திருந்ததே, அதற்கு எனக்குச் சொல்லத் தெரிந்த நன்றி அவ்வளவுதான்.