கூந்தலுக்கு மூன்று விநாடி

அக்கா வந்தபோது மாலை மணி ஆறு இருபது. எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ் மாறி ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் விடிந்ததும் நாங்கள் சமயபுரம் போக வேண்டும். ஆபரேஷன் முடிந்து கணவர் நல்லபடியாக வீடு திரும்பினால் முடி இறக்குவதாக மாரியம்மனிடம் வேண்டியிருந்தாள். அவர் திரும்பிவிட்டார்.

ஐம்பத்து நான்கு வயதிலும் அவளுக்கு முடி இடுப்புக்குக் கீழே இறங்கும். ஆனால் கல்யாண ஆல்பத்திலிருந்து ஆதார் அட்டை வரை எந்தப் படத்திலும் அது தெரியாது. பின்னல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தலைவிரிகோலமாகப் படம் எடுக்க எங்கள் வீட்டில் யாரும் விட்டதில்லை.

தலைக்குக் குளித்து, சாம்பிராணி போட்டு, ஈரம் முழுதும் காயாமலே மாடிக்கு வந்தாள். வானம் கத்தரிப்பூ நிறத்திலிருந்து சாம்பலுக்கு மாறிக்கொண்டிருந்தது. கோபுரத்து விளக்குகளை அப்போதுதான் போட்டிருந்தார்கள்.

"டேய், ஒரு செல்ஃபி எடு. முடி தெரியணும், கோபுரம் தெரியணும், நீயும் நிக்கணும்."

"நாளைக்குக் காலையில வெளிச்சத்துல எடுக்கலாமே?"

"காலையில கொண்டை முடிஞ்சுகிட்டுக் கிளம்பிடுவேன். பஸ்ல விரிச்சுப் போட்டுக்கிட்டா உக்காருவேன்?"

எடுத்தேன். கோபுரம் பளிச்சென்று விழுந்திருந்தது. எங்கள் முகங்களில் சிவப்பும் பச்சையுமாகப் பொடிப் புள்ளிகள், ரவையைத் தூவியதுபோல. பத்திரிகை டெஸ்கில் முப்பது வருடம் படங்களைப் பார்த்தவனுக்கு இது புதிதல்ல. தகவல் போதாத நிருபர் ஊகத்தைக் கொண்டு பத்தியை நிரப்புவார். வெளிச்சம் போதாத கேமராவும் அதைத்தான் செய்கிறது.

போனிலேயே புள்ளிகளைக் குறைக்கும் வசதி இருந்தது. திரையில் இருந்த அளவுக்கோட்டின் குமிழை விரலால் வலதுகோடி வரை நகர்த்தினேன். புள்ளிகள் போயின. கூடவே முடியும் போயிற்று. இழைகள் எல்லாம் ஒன்றாகி, தார் பூசியதுபோல ஒரே கறுப்பு.

அக்கா போனை வாங்கிப் பார்த்தாள். "அம்மன் கோயில்ல மொட்டை அடிக்கிறவருக்கு வேலையே வைக்காம நீயே எடுத்துட்டியேடா."

சிரித்தாள். ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை. அந்தக் கறுப்பையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழிப்பதைவிட, வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. மாடிப்படியின் தலைப்பில் ஒரு பல்பு எரிந்தது. அதற்கு எதிரே, கோபுரம் பின்னால் தெரியும்படி அவளை உட்கார வைத்தேன். அன்றைய பேப்பரை விரித்து அவள் மடியில் போட்டேன். பல்பின் வெளிச்சம் தாளில் பட்டு முகத்துக்கு ஏறியது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு, செங்கல்லை முட்டுக்கொடுத்து, திரை எங்களைப் பார்க்கும்படி போனை நிறுத்தினேன். நைட் மோட், டைமர். பேப்பரின் மறுபாதியை என் மடிக்கு இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று விநாடி அசையக்கூடாது என்றேன். அந்த மூன்று விநாடியில் போன் பல படங்களை எடுத்து ஒன்றாக்கும். எல்லாவற்றிலும் இருப்பது தங்கும், ஒன்றில் மட்டும் தோன்றும் புள்ளி கரைந்துவிடும்.

நாங்கள் அசையவில்லை. காவிரிப் பக்கமிருந்து வந்த காற்று அசைத்தது. படத்தில் முடி புகையாகக் கலைந்திருந்தது.

"சின்ன வயசுல பிடிச்சு இழுப்பியே, இப்ப பிடியேன்," என்றாள் அக்கா. கூந்தலை முன்னால் எடுத்து, பாதியை என் தோளில் போட்டு, நுனியை என் கையில் கொடுத்தாள். "இழுக்காதே. பிடிச்சுக்கிட்டு மட்டும் இரு."

ஈரத்தோடு நல்ல கனம். சாம்பிராணி வாசனை. போன் பத்திலிருந்து கீழே எண்ணியது. பிறகு அந்த மூன்று விநாடி. கீழே தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோலக் கேட்டது. வெளிச்சம் மேலிருந்து வருகிறதா, மடியிலிருந்து வருகிறதா தெரியவில்லை. திரையில் இரண்டு முகங்கள் தண்ணீருக்கடியில் இருப்பவை போலத் தெரிந்தன. மூச்சை எப்போது விட்டேன் என்று நினைவில்லை.

படம் வந்தது. ஓரத்தில், பல்பு எட்டாத இடத்தில் கொஞ்சம் புள்ளிகள் மிச்சம் இருந்தன. நான் அதைத் தொடவில்லை.

மறுநாள் சமயபுரத்தில் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வெளிப்படியில் உட்கார்ந்து, "போனைக் கொடு," என்றாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, நெற்றியிலிருந்து தொடங்கி மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். படத்தில் என் தோள் வந்த இடத்தில் விரல் நின்றது.

"இது நரையாடா, புள்ளியா?"

வாங்கிப் பார்த்தேன். மூன்று இழைகள். தோளிலிருந்து என் கைப்பிடி வரை அறுபடாமல் வந்திருந்தன.

"நரைதான்."

"அப்ப சரியாத்தான் எடுத்திருக்கே," என்றாள். சந்தனக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனை மறுபடி வாங்கிக்கொண்டாள்.